கொப்பரைக்கு அழைத்துப் போனவள்

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் சம்பூர்ணத்தின் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு இருந்த புருஷன் காசிநாதனை ரிக்‌ஷாவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தாள். பின்கட்டில் பரசுராமன் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சுவார். அங்கே பெரிய செப்பு அண்டா நாள் முழுக்கக் கொதிக்கும்.

பதினைந்து நாள் அசையக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தறியிலேயே காலம் தள்ளிய மனுஷன் சும்மா படுப்பாரா? அவருக்காக வாடகை நூலகத்தில் ஒரு தடித்த மர்ம நாவலை எடுத்து வந்தாள். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. கரீபியன் கடலில் ஒரு தீவு. மதராஸில் கப்பலேறிப் போன தமிழ்க் கூலிகள் அங்கே கரும்பு வெட்டுகிறார்கள். காஞ்சிபுரத்துப் பெண் ஏலவார்குழலியை அவள் புருஷனே பொய் சொல்லிக் கப்பலேற்றியிருந்தான். ஒருநாள் அவன் கொதிக்கும் பாகுக் கொப்பரையில் பிணமாகக் கிடக்கிறான். அவளைக் காணவில்லை.

தினமும் மத்தியானம் சம்பூர்ணம் படித்துக் காட்டினாள். மூன்றாம் நாள் காசிநாதன் கேட்டார்.

"இன்னாம்மா, ஒவ்வொரு வரியையும் ரெண்டு தரம் படிக்கிற?"

"ஒரு தரந்தான் படிக்கிறேன்."

"இல்லியே. மொதல்ல கிசுகிசுன்னு சொல்ற. அப்புறம் சத்தமா படிக்கிற."

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். வாய் திறக்கும் முன்னே அவர் சொன்னார்: "கொப்பரை ஓரத்துல ஒத்தை மெட்டி கிடந்துது."

பக்கத்தின் முதல் வரி அதுதான்.

அறைக்குள் வெல்லம் தீய்ந்த வாசனை. அவள் அடுப்பைப் போய்ப் பார்த்தாள். சாம்பல்தான் இருந்தது.

மறுநாள் புத்தகத்தைத் தொடவே இல்லை. டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது காசிநாதனின் முகம் மலர்ந்திருந்தது.

"இன்னிக்கு நல்லா படிச்ச. மூணு அத்தியாயம் ஆயிடுச்சு."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "எங்க உக்காந்து படிச்சேன்?"

"தலமாட்டுலதான்."

தலைமாட்டில் சுவர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையாது.

உடனே பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். அந்த நிமிஷமே நூலகத்தில் எறிந்துவிட்டு வரக் கிளம்பினாள். தெருமுனை வரை போனவளுக்கு முடிவு தெரியாமல் மனசு கேட்கவில்லை. நின்று கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். கொன்றது ஏலவார்குழலி. புகையில் வழி தெரியாமல் தடுமாறிய புருஷனிடம் அன்பாகப் பேசி, கையைப் பிடித்துக் கொப்பரைக்கு அழைத்துப் போயிருந்தாள்.

சம்பூர்ணம் திரும்பி ஓடினாள்.

கட்டில் காலி.

பின்கதவு திறந்திருந்தது.

காசிநாதன் அண்டாவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். யாரோ பிடித்து இழுப்பதுபோல் வலது கை முன்னால் நீண்டிருந்தது.

"ஐயோ, நில்லுங்க!"

நூல் உலர்த்திக்கொண்டிருந்த பரசுராமன் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அதற்குள் வலது கை முழங்கை வரை கொதிக்கும் சாயத்துக்குள் போயிருந்தது. தெறித்த சாயம் கண்கட்டை நனைத்தது.

உயிர் தங்கியது. கண் இரண்டும் போயின.

ஆஸ்பத்திரியில் அவர் நினைவு திரும்பியதும் சம்பூர்ணம் அழுதபடி கேட்டாள்: "ஏங்க எழுந்து போனீங்க?"

"நீதானே கையப் புடிச்சி இட்டுக்கினு போன." பிறகு மெதுவாகக் கேட்டார்: "உன் கை ஏன் அப்படிச் சுட்டுது?"

அந்தப் புத்தகத்தை அண்டாவின் அடியில் எரிந்த தீயில் அவளே போட்டாள். அது முழுக்கச் சாம்பலாகும் வரை நின்று பார்த்தாள். அப்புறம் புருஷனை அழைத்துக்கொண்டு முசரவாக்கம் கிராமத்துக்கு, தம்பி வீட்டோடு போய்விட்டாள்.

தை மாதம். மத்தியானம். வீட்டில் வேறு யாருமில்லை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே அவர் குரல் கேட்டது.

"ம்..."

முறம் நின்றது.

"ம்... ம்... அப்புறம்?"

கதை கேட்கிறவர்போல் உம் கொட்டிக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் சத்தமில்லாமல் எழுந்து நிலைப்படி வரை போனாள். கட்டிலில் அவர் மட்டும்தான்.

"தொண்ட கம்முது பாரு, சம்பூர்ணம்," என்றார் அவர் பரிவோடு. "தண்ணி குடிச்சிட்டு மீதியச் சொல்லு."

அவள் வாயே திறக்கவில்லை.

இருட்டு மூலையில், தண்ணீர்ப் பானைக்குள் செம்பு மோதும் சத்தம் கேட்டது.