மூன்றாம் நபரின் ஆட்சேபம்

குமராட்சியிலிருந்து வந்த விருத்தாம்பாள், பழுப்பு உறையைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்தாள். சிதம்பரம் கீழவீதி மாடியில் தகவல் உரிமை மனு எழுதித் தரும் விஸ்வேஸ்வரனின் மேசை அது.

“பிரிக்கப் பயமா இருந்துச்சு சார். அப்படியே கொண்டாந்துட்டேன்.”

நூற்பாலைக்காரர்கள் ஓய்வூதியத் திட்டத்தை மூடி மூன்று மாதமாகிறது. நாற்பது குடும்பங்கள் நட்டாற்றில் நிற்கின்றன. மூடுவதற்கு அனுமதி தந்த கோப்பு, கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஓய்வூதியத் திட்டங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் இருக்கிறது. அதன் நகல் இல்லாமல் அந்த அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. நகல் கேட்டு விஸ்வேஸ்வரன் எழுதித் தந்த மனுவுக்கு வந்த பதில்தான் இந்த உறை. கெடுவோ நாளை மாலை ஐந்து மணி.

அவருக்கு உதவியாக இருக்கும் இளம் வழக்கறிஞர் இலக்கியாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. உறையைக் கிழித்து உரக்கப் படித்தாள்: ‘கோப்பில் தொடர்புடைய தனிநபர் ஒருவர் கடந்த திங்கட்கிழமை நேரில் வந்து ஆட்சேபம் தெரிவித்ததால், நகல் தர இயலாது. அவர் எழுத்துமூலம் விலக்கிக்கொண்டால் உடனே வழங்கப்படும்.’

பெயர் போடவில்லை. விருத்தாம்பாள் வாய்விட்டு அழுதாள். “நாப்பது வூட்டு அடுப்புல மண்ணப் போட்டுட்டானே! எந்தப் பாவி சார் அவன்?”

“மில் மேனேஜர்தான் சார்!” என்று இலக்கியா துள்ளினாள்.

“கம்பெனி ஆட்சேபம்னா கம்பெனி பேர்ல வரும். இவர் தனிநபர்,” என்றார் விஸ்வேஸ்வரன். “இந்த உறை வந்தப்போ வீட்ல யாரும்மா இருந்தாங்க?”

“எங்க வூட்டுக்காரருதான். தொழிலாளர் பிரதிநிதியா இருந்தவராச்சே, மனசு ஒடஞ்சு போயிட்டாரு. ‘பிரிச்சு என்னா ஆவப்போவுது, எவனோ ஆட்சேபம் பண்ணிட்டான்’னாரு. கூடத்தான் வந்தாரு, எதிர்த்த டீக்கடையில ஒக்காந்துட்டாரு. கண்ணும் செரியில்ல. திங்கக்கெழமகூட கடலூரு ஆஸ்பத்திரியில மருந்து ஊத்திப் பாத்துட்டு வந்தாரு.”

“வந்து என்ன செஞ்சார்?”

“என்னா செய்வாரு? திரும்பி வந்ததும் பேப்பர் படிச்சாரு.”

விஸ்வேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இலக்கியாவின் உற்சாகம் அத்தனையும் அந்த நொடியில் வடிந்துபோனது. அவளே இறங்கிப்போய், டீக்கடையிலிருந்த விருத்தாம்பாளின் கணவர் பழனிவேலை அழைத்துவந்தாள்.

“உட்காருங்க,” என்றார் விஸ்வேஸ்வரன். “கண்ணுல மருந்து ஊத்தினா, அன்னிக்குப் பொழுதுக்கும் எழுத்து மங்கித்தான் தெரியும். நீங்க பேப்பர் படிச்சிருக்கீங்க. கடலூர் போனது நிஜம், ஆஸ்பத்திரி பொய். ஒட்டின உறைக்குள்ள ஆட்சேபம் இருக்குன்னு, அதைக் கொடுத்தவருக்குத்தானே தெரியும்? திட்டத்தை மூடணும்னா தொழிலாளர் தரப்புல ஒருத்தர் சம்மதிக்கணும். அந்தக் கையெழுத்து உங்களோடது.”

விருத்தாம்பாளின் அழுகை நின்றுவிட்டது. அதைப் பார்க்க இலக்கியாவுக்குப் பயமாக இருந்தது.

“மூணு மாசச் சம்பளத்த நிறுத்தி வச்சிருந்தாங்க சார்,” என்றார் பழனிவேல். “கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம்னாங்க. எல்லாரும் பட்டினி. என்னா பேப்பருன்னு படிக்காமக்கூட போட்டுட்டேன். அப்பறம் வெளிய சொல்ல வாய் வரல.”

“மிரட்டி வாங்கின கையெழுத்துன்னா, சம்பளம் நின்ன நேரத்துல போட்டதுன்னு அதுல உள்ள தேதியே சொல்லும். அந்தக் கோப்புதான் உங்க பக்கம் சாட்சி. அதைத்தான் நீங்களே பூட்டி வச்சிருக்கீங்க.”

இலக்கியா ஆட்சேபத்தை விலக்கிக்கொள்ளும் கடிதத்தை மளமளவென்று எழுதி நீட்டினாள். பழனிவேல் அதைத் தொடவில்லை.

“நகல் வந்தா நாப்பது பேரும் எம் பேரப் பாப்பாங்க. என்னச் சும்மா வுடுவாங்களா?”

“வுட மாட்டாங்க. நானும் வுட மாட்டேன்.” விருத்தாம்பாள் பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் திணித்தாள். “அன்னைக்கு யாரயும் கேக்காம போட்டீங்க. இன்னைக்கு நா கேக்குறேன், போடுங்க.”

பழனிவேல் கையெழுத்துப் போட்டார். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அவருக்காக நிற்காமல், கடலூர் பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.