அமுங்கும் பலகை

அவன் காலைத் தூக்கிய பிறகுதான் பலகை கிறீச்சிட்டது.

மிதிக்கும்போது சத்தம் வந்தால் டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குப் புரியும். பலகை உத்தரத்தை விட்டு இளகியிருக்கும், ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் வாயை மூடிக்கொள்ளும். இதுவோ, அவன் ஜன்னலோரம் போய் நின்ற பிறகு, அறையின் நடுவிலிருந்து, யாரோ ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டதுபோல் வந்தது.

அக்கா புதிதாகக் குடிவந்த பழைய வீடு அது. மாடியறை முழுக்க மரத்தளம். "அப்படியே மேல ஒட்டிடேன்டா" என்று அவள் சொன்னதற்கு அவன் மசியவில்லை. மரம் துளி வளைந்தாலும் டைல்ஸ் விரிசல் விடும். அதனால் கிழிந்த விரிப்பை உரித்து, துருத்திய ஆணிகளைப் பிடுங்கி, மேடுகளை இழைத்து, மூலைமுடுக்கெல்லாம் கூட்டி எடுத்திருந்தான். மங்கும் மாலை வெளிச்சத்தில், இழைத்த மரத்தின் இனிப்பு வாசனையோடு வேறொன்றும், வியர்வையோடு மடித்துவைத்த போர்வையின் புழுங்கிய நெடி, அவனையே சுற்றிச்சுற்றி வந்தது.

சத்தம் வந்த இடத்தில் ஸ்க்ரூ முடுக்கினான். சத்தம் சுவரோரம் போனது. அங்கேயும் முடுக்கினான். கதவோரம் போனது. எலியாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரு பலகையைப் பெயர்த்து டார்ச் அடித்துப் பார்த்தான். உத்தரங்களுக்கிடையே தூசி மட்டும். ஒரு புழுக்கைகூட இல்லை.

"மேல யாருடா உன்கூட?" கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"யாருமில்லக்கா. ஏன்?"

"ரெண்டு பேரு நடக்கற மாதிரியே கேக்குது. பாப்பா தூங்கறா, மெதுவா நடங்கப்பா."

அவன் நடக்கவில்லை. மண்டியிட்டிருந்தான்.

பெயர்த்த பலகையை அவசரமாக மூடினான். ஸ்க்ரூக்கள் கோணிக்கொண்டன. கழற்றித் திரும்ப முடுக்கினான். மேலே ப்ளைவுட்டைப் பரப்பி, ஓரங்களையும் நடுவையும் நெருக்கமாக முடுக்கினான். எழுந்து குதித்துப் பார்த்தான். கல்லுமாதிரி கிடந்தது தளம். 'அப்பாடா' என்று, மட்டம் பார்க்க நீண்ட ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான். குமிழி நட்டநடுவே நின்றது.

பிறகு நகர்ந்தது.

மெல்ல. அவன் பக்கமாக. எதிர்முனைக்கடியில் தரை தாழ்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அடியில் தேடியது தப்பு. பலகையை எதுவும் கீழிருந்து இழுக்கவில்லை. மேலிருந்து அமுக்குகிறது. இந்த அறைக்குள். இத்தனை நேரமாக.

"முடிஞ்சுதாடா? பாப்பாவையும் தூக்கிட்டுப் பாக்க வர்றேன்." மாடிப்படியில் அக்காவின் காலடி.

"வேணாம்க்கா..."

அது அவள் காதில் விழவில்லை.

வாசலுக்கும் அவனுக்கும் நடுவே ப்ளைவுட் குழிந்தது. பாதமளவுக்கு இல்லை. ஆளளவுக்கு. நிதானமாக, அலுத்துக் களைத்த ஒருவர் மல்லாந்து சாய்வதுபோல. ஸ்க்ரூத் தலைகள் மரத்துக்குள் புதைந்தன. பலகை, மூச்சு விடுவதுபோல், எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. தாழ்ந்தது.

தோளில் தூங்கும் குழந்தையோடு அக்கா வாசலில் நின்றாள். அவன் முகத்தைத்தான் பார்த்தாள், தரையைப் பார்க்கவில்லை.

"ஏன்டா இப்படி வெளிறிப் போயிருக்க?"

வெறுங்காலை உள்ளே எடுத்துவைத்தாள்.

பலகை எழவில்லை.

அந்தப் பள்ளம் அவள் பக்கமாகப் புரண்டு படுத்தது.