செவிமணி இல்லாத அரைமணி

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் சலவை அறை எனக்கும் இர்யாவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஃபின்லாந்தின் ஓலு நகரத்தில் துணி துவைக்கவும் முறை உண்டு. காதில் செவிமணியை மாட்டிக்கொண்டு, அழுக்குக் கூடையோடு கீழே இறங்குவேன். இயந்திரம் சுற்றும். நான் தமிழில் பேசுவேன், அவள் ஃபின்னிஷில் பேசுவாள், செவிமணி இரண்டையும் மாற்றித் தரும். மூன்று வருஷமாக என் துணிகள் தேவைக்கு மேல் வெளுத்தன.

இர்யா பனிவாரி வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. நான் ஆவுடையப்பன், ஸ்ரீவைகுண்டத்துக்காரன். தாமிரபரணியில் கால் வைத்தால் கொப்பளிக்கும் என்று ஆன வருஷம் இங்கே வந்து சேர்ந்த வெயில் அகதிகளில் ஒருவன். கிளம்புகிற அன்று ஆற்றிலேயே முட்டை அவித்துச் சாப்பிட்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. நடந்ததைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுச் சொல்வேன், அவ்வளவுதான்.

போன மாசம் இயந்திரம் துணி பிழிகிற நேரத்தில், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். "சரி" என்றது செவிமணி.

தொல்லை அதற்குப் பிறகுதான். நேர்நாக்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேற்றுமொழிக்காரர்கள் இருவர் கல்யாணம் செய்வதென்றால், அதிகாரி முன்னால் செவிமணியைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் எதிரெதிரே உட்கார வேண்டும். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். முடிவில் 'இவரை எனக்குத் தெரியும்' என்று இருவரும் சொந்த வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் தயங்கினாலும் கல்யாணம் கிடையாது.

ஃபின்னிஷ் படிக்கப் போனேன். வாத்தியார் எபனேசர், தூத்துக்குடிக்காரர்.

"மொதல்ல தண்ணி, ரொட்டி, மீனு. பொறவு பஸ்சு, பேங்கு. கல்யாணப் பேச்செல்லாம் கடைசிப் பாடம் அண்ணாச்சி."

"கடைசியில இருந்து ஆரம்பிச்சா என்னவே?"

"ஒம்ம நாக்கு எழுபது வருசமா ஒரே பக்கம் பொரண்டுக்கிட்டுக் கெடக்கு. மெதுவாத்தான் திருப்பணும்."

மீனுக்கு அவர்கள் பாஷையில் கலா. என் மச்சினி பெயரும் அதுதான் என்பதால் அந்த ஒரு சொல் உடனே ஏறியது. மற்றதெல்லாம் படி ஏறுவதற்குள் உதிர்ந்தது. குளிர்பெட்டியிடம் வணக்கம் சொல்லிப் பழகினேன். அது என் உச்சரிப்பைத் திருத்தியது.

ஒரு நாள் எபனேசர் புது யோசனை சொன்னார். "செவிமணியில ஒங்க பேச்செல்லாம் பதிவாயிருக்கும்லா? அதைப் போட்டுக் கேப்போம். ஒங்க பேச்சே ஒங்களுக்குப் பாடம்."

போட்டார். எங்கள் பெரியப்பா ஒரு மழைமேகத்தைத் தொழுவத்தில் கட்டிவைத்து, கோடை முழுக்க வாளி வாளியாகக் கறந்த சங்கதியை நான் வெகுநேரம் சொல்லியிருந்தேன். ஃபின்னிஷில் அது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

"என்ன வந்திருக்கு?"

"'எங்களுக்கு ஒரு பெரியப்பா இருந்தார்.' அவ்வளவுதான்."

"மேகம் எங்கவே?"

"மெய்ச்சல்லடையில நின்னுபோச்சு. ரெண்டு தேசத்துக்காரனுக்குள்ள பொய் போனா சண்டை வரும்னு எல்லாச் செவிமணியிலயும் அதை வச்சிருக்கான். நிரூபிக்க முடியாததெல்லாம் அந்தப் பக்கம் போகாது."

"சரி, அவ பேசினதைப் போடும். மீன் அப்பம் சுட்ட கதையை எவ்வளவு அழகாச் சொன்னா தெரியுமா?"

போட்டார். பதிவில் சலவை இயந்திரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். இன்னும் இயந்திரம்தான்.

"அவங்க பேசவே இல்ல அண்ணாச்சி. எதுத்தாப்புல இருக்கவங்க சும்மா இருந்தா நம்மாளுக்கு மனசு தாங்காதுல்லா? அதனால அவங்க அடுப்பு, முழங்கால் பட்டை, தெரு வானிலை எல்லாத்துக்கிட்டயும் விசாரிச்சு செவிமணியே பேசியிருக்கு."

"அப்ப மீன் அப்பம்?"

"அப்பம் நெசம். அவங்க சொல்லல."

"கல்யாணத்துக்குச் சரின்னாளே?"

அந்த இடத்தைத் தேடிப் போட்டார். உள்ளே போகும் மூச்சு, அதற்குள் ஒரு 'யோ'. "இது அவங்களேதான். இங்க மூச்ச உள்ள இழுத்துக்கிட்டேதான் ஆமாம்பாங்க."

ஆக, அவள் சம்மதித்தது வாய் திறந்தால் உண்மை மட்டும் சொல்லும் அமைதியான ஒருவனுக்கு. நான் ஆசைப்பட்டது கலகலவென்று பேசும் ஒருத்திக்கு. இரண்டு பேருமே சலவை அறைக்கு வந்ததில்லை.

எபனேசர் குரலைத் தாழ்த்தினார். "அரைமணி நேரம் வாய மூடிக்கிட்டு இரும். அவங்களுக்குத் தெரிஞ்ச ஆளு அதுதான். கல்யாணம் நடந்துரும்."

பஸ்ஸில் வாயை மூடிப் பழகினேன். தாடை வலித்தது.

கல்யாணப் பதிவு அலுவலகத்தில் அதிகாரி எங்கள் செவிமணிகளை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினாள். எதிரே இர்யா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத சாலையில் வண்டி ஓட்டுகிறவளைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் வாய்க்குள் கதை முட்டியது. இன்று மூடும் இந்த வாயைச் சுடுகாடு வரைக்கும் திறக்க முடியாதே என்று தோன்றியது. அப்புறம் நான் எதற்கு?

"என் அப்பாவிடம் ஒரு மீன் இருக்கிறது" என்றேன், ஃபின்னிஷில்.

இர்யா நிமிர்ந்தாள்.

"பெரிய மீன். மீன் பேங்குக்குப் போகிறது. மீன் காப்பி குடிக்கிறது. பேங்கில் ரொட்டி இல்லை. மீன் அழுகிறது."

அத்தோடு என்னிடமிருந்த ஃபின்னிஷ் தீர்ந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே நகரவில்லை. மிச்ச நேரம் முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி முதலில் என்னைக் கேட்டாள். "இவளை எனக்குத் தெரியும்" என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிறகு இர்யாவைக் கேட்டாள். அவள் அவசரப்படவில்லை. என்னை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த மனிதரை எனக்குத் தெரியாது."

செவிமணி இல்லாமல் ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது. அதிகாரி செவிமணிகளைத் திருப்பித் தந்தாள். இர்யா தன்னுடையதைப் பைக்குள் போட்டு மூடினாள். நானும் மாட்டவில்லை. மாட்டி எதைக் கேட்பது?

பஸ் நிறுத்தத்தில் இங்கே ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற இடம் விட்டு நிற்பார்கள். நான் இரண்டு வண்டிக்கு விட்டு நின்றேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. இர்யா நடந்து வந்தாள். சோப்பு வாசனை தெரிகிற கிட்டத்தில் வந்து நின்றாள்.

"யா சித்தென்?"

எபனேசர் அதைச் சொல்லித் தரவில்லை. 'அப்புறம்?' என்று எந்த மொழியில் கேட்டாலும் எனக்குப் புரியும்.

அந்த மீன் அழுத பிறகு ஊரே என்ன பாடுபட்டது என்று சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கன்னத்தை உப்பினேன். கைகளை விரித்தேன். பேங்க் வாசலில் தண்ணீர் ஏறுவதை முழங்கால், இடுப்பு, கழுத்து என்று காட்டினேன். பஸ் வந்து கதவைத் திறந்து நின்றது. பஸ்ஸை விடுவதை இந்த ஊரில் மகாபாவமாக நினைப்பார்கள். இர்யா திரும்பிப் பார்க்காமலே, போகச் சொல்லி ஓட்டுநருக்குக் கையை ஆட்டினாள்.