ஆள் இருக்கும் முகவரி

மெயிலில் அனுப்பியவர் என்ற இடத்தில் வைத்தியசாலையின் சொந்த முகவரி இருந்தது. யாருக்கு என்ற இடத்திலும் அதே முகவரி. நளினி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்து மாறவில்லை.

புத்தூருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டினாற்போல் இருக்கிறது ரங்கையாவின் எலும்பு முறிவு வைத்தியசாலை. ஒன்பது வருஷமாக அதன் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் நளினிதான். வெளியூர்க்காரர்கள் எக்ஸ்ரேயைப் படம் பிடித்து மெயிலில் அனுப்புவார்கள். ரங்கையாவிடம் காட்டிவிட்டு, வரலாமா வேண்டாமா என்று அவள் பதில் போடுவாள். அந்தக் கார்த்திகை மதியத்தில் மழை தகரக் கூரையின் மேல் ஒரே சுருதியில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளறையில் உதவிப் பெண் ஷோபா இடிக்கும் பச்சிலையின் கசந்த வாசனையும், கட்டுத் துணியில் தடவும் முட்டை வெள்ளைக்கருவின் கவிச்சியும், நாலு நாளாகக் காயாத துணிகளின் முடை நாற்றமும், ஜன்னல் சாத்திய அறையிலிருந்து போக வழியில்லாமல் அவள் தலைமுடிக்குள் வந்து தங்கின.

மெயிலின் தலைப்பு, துலுக்காணம், இடது மணிக்கட்டு. உள்ளே ஓர் எக்ஸ்ரே. மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு சாய்வாக ஒடிந்திருந்தது. மோதிர விரலில் பட்டையான மோதிரம் வெள்ளையாகத் தெரிந்தது. படத்துக்குக் கீழே ஒரே வரி: யாராவது இருக்கீங்களா?

அவசரத்தில் யாரோ எதையோ தப்பாக அழுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். இருக்கிறோம், நாளை வாருங்கள் என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் துலுக்காணம் வந்தார். ரயில்வே கேட்டருகே வேர்க்கடலை வண்டி போடுகிறவர். அன்று விடிகாலையில்தான் சேற்றில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி, கவரிலிருந்து எக்ஸ்ரேயை இடது கை படாமல் உருவிக் கொடுத்தார். அதே சாய்வு. அதே மோதிரம். நேற்று மெயில் அனுப்பினீர்களா என்று கேட்டதற்கு, மெயில் என்றால் ரயிலா என்று கேட்டார்.

ரங்கையா இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, ஒடிந்த மணிக்கட்டெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார். ஒன்றும் ஆகாது என்பதற்கு, "ஏம் காதம்மா" என்று தெலுங்கில் சேர்த்துக்கொண்டார். ஆனால் துலுக்காணம் கொண்டுவந்த படத்தை அவர் கையில் வாங்கவில்லை என்பதை நளினி கவனித்தாள்.

அடுத்த வாரம் லட்சுமம்மா, இடுப்பு என்று வந்தது. திறந்தாள். மறுநாளே நகரியிலிருந்து அந்த அம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஷோபா, வலது முழங்கை என்று வந்த அன்று கரண்ட் போயிற்று, திறக்க முடியவில்லை. ஷோபாவின் முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை, தினமும் பச்சிலை இடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதன் பிறகு பத்மினி, காறை எலும்பு என்று ஒன்று வந்தபோது நளினியின் விரல் வெகுநேரம் மவுஸின் மேலேயே நின்றது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. திறந்தாள். எலும்பு சின்னதாக இருந்தது. கோழிக்குஞ்சின் எலும்பைப்போல. மறுநாள் ஆறு வயசுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் அப்பா ஓடி வந்தார். குழந்தை அழக்கூட இல்லை; வாயைத் திறந்து வைத்திருந்தது, சத்தம் வரவில்லை.

அன்று நளினி சோறு தின்னவில்லை. மதியமே லீவு சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

வைத்தியசாலைக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவன் இஸ்மாயில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கடை. எலும்பு ஒடிந்த கதையை நளினி அவனிடம் சொல்லவில்லை. வேண்டாத மெயில் வந்துகொண்டே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் பொறுமையாக விளக்கினான். வைத்தியசாலையின் இணையப் பக்கத்தில் முகவரியை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகக் குப்பை பொறுக்குவதுபோல் முகவரி பொறுக்குவதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. கவரின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதைப்போல அனுப்பியவர் முகவரியையும் பொய்யாகப் போட முடியும். லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். அதில் எது செத்த முகவரி, எது உயிருள்ள முகவரி என்று அனுப்புகிறவனுக்கு முதலில் தெரியாது.

"அவனுக்கு வேண்டியது ஒண்ணுதான்க்கா. உள்ள ஆள் கீறாங்களா இல்லையான்னு தெரியணும்," என்றான். "நீ பதில் போட்டா தெரிஞ்சிடும். இனிமே அனுப்பாதன்னு அதுலயே ஒரு பட்டன் இருக்குமே, அத அமுக்குனாலும் தெரிஞ்சிடும். சும்மா தொறந்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாம ஒரு புள்ளி அளவு படம் வெச்சிருப்பான், நீ தொறக்கறப்ப அது அவங்கிட்ட போயி சொல்லிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துகினே இருக்கும். இன்னும் பத்து பேருக்கு உன் முகவரிய வித்துடுவான்."

அவளையே செய்யவைத்துக் கற்றுக்கொடுத்தான். படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்தினார்கள். இணையப் பக்கத்திலிருந்து முகவரியை எடுத்துவிட்டு, நோயாளிகள் பூர்த்தி செய்து அனுப்பும் படிவம் வைத்தார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கப் புது முகவரி ஒன்று. பழையதில் வருவதைத் திறக்காமலே ஸ்பேம் என்று குறிக்க வேண்டும். குறிக்கக் குறிக்க அடுத்து வருவதைத் தானே பிடித்து ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். கடைசியாக, ஒரு மெயில் எந்தெந்த இடம் வழியாக வந்தது என்று காட்டும் பகுதியை இஸ்மாயில் திறந்து பார்த்தான். இது எங்கிருந்தும் வரவில்லை அக்கா, என்றான். பிறகு, கடை சாத்த நேரமாகிவிட்டது என்றான். மணி நாலுதான் ஆகியிருந்தது.

ஒன்பது நாள் அவள் எதையும் திறக்கவில்லை. ஸ்பேம் பெட்டியில் முப்பது சேர்ந்தது, நூறு சேர்ந்தது, முந்நூறு தாண்டியது. ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஓர் எலும்பு. வைத்தியசாலைக்கு வழக்கமான ஆட்கள்தான் வந்தார்கள். பைக்கிலிருந்து விழுந்தவர்கள், கிணற்று மேட்டில் கால் பிசகியவர்கள். ஸ்பேம் பெட்டியில் பார்த்த பெயர் எதுவும் டோக்கனில் வரவில்லை. அந்த நாட்களில் அவளுக்குத் தன் அம்மாவின் நினைவு அடிக்கடி வந்தது. கூலிக்காரக் குடும்பம், சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பெரிய வீட்டு ஆள் தெருமுனையில் நின்று கூப்பிட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் அம்மா எழுந்து, இருக்கிறேன் சாமி என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. கூப்பிட்டவனுக்கெல்லாம் குரல் கொடுக்க நான் என் அம்மா இல்லை என்று நளினி நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போதே முதுகு நிமிர்ந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம், மோகனப்ரியா, முதுகெலும்பு என்று வந்தது.

மோகனப்ரியா அவளுடைய ஒரே மகள். திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள்.

நளினி போனை எடுத்தாள். நாலு தரம் மணி அடித்த பிறகு மகள் எடுத்தாள்.

"எங்கடி கீற?"

"ஹாஸ்டல்லம்மா. துன்னுகினு கீறேன். இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கி எவ வண்டியிலயும் ஏறாத. மாடிப்படி பாத்து எறங்கு."

மகள் சிரித்துவிட்டு வைத்தாள். அம்மாவின் பயத்தைக் கேலி செய்ய, சாப்பாட்டுத் தட்டோடு தன்னைப் படம் எடுத்து அனுப்பினாள். பின்னால் நாலு பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் அந்தத் தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தது. திறந்தால் தெரிந்துவிடும். எந்த இடத்தில், எத்தனை எலும்பு என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது, தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. ஒரே ஒரு தரம். அவள் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் மொத்தமாகக் குறித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. நிரந்தரமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"போங்கடா," என்று சொல்லி அழுத்தினாள்.

பெட்டி காலியானது. மழையும் அதே நொடியில் நின்றது.

ரங்கையாவும் அவர் மனைவியும் காணிப்பாக்கம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஷோபா அஞ்சு மணிக்கே கிளம்பிவிட்டாள். கட்டிலில் தங்கும் நோயாளி யாரும் அன்று இல்லை. அன்றிரவு காவலுக்கு அங்கேயே படுக்க வேண்டிய நளினி கதவை உள்ளே தாழிட்டுவிட்டுக் கணினியை அணைத்தாள். வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், தவளைகள், தூரத்தில் அரக்கோணம் பாசஞ்சரின் ஊதல். பிறகு தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. சொட்டும் சத்தமும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. மரியாதையாக, மூன்று தரம்.

"யாராவது இருக்கீங்களா?"

ஆண் குரல். நோயாளி யாரோ. டோக்கன் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

"யாராவது இருக்கீங்களா?" இப்போது ஒரு கிழவியின் குரல். பிறகு ஒரு குழந்தை. பிறகு இரண்டு பேர் சேர்ந்து. பிறகு எண்ண முடியவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நிதானத்தில், ஒரே இழுப்பில் கேட்டார்கள். படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வேறு ஏதோ உரசும் சத்தம். காய்ந்த மூங்கில் பத்தைகளை ஒன்றோடொன்று தேய்ப்பதுபோல.

டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கவில்லை. விளக்கு எரிவது பதில் ஆகாது. வெளியே இருக்கும் அதற்கு வேண்டியது அவள் குரல்.

பச்சிலை வாசனை போய்விட்டது. எரிந்த பிளாஸ்டிக் வாசனை. நாக்கில் பழைய காசின் ருசி.

"ம்மா."



"ம்மா, கதவத் தொற. முதுகு போச்சிம்மா. நிக்க முடியல. இருக்கியா?"

ப்ரியாவின் குரல். சளி பிடித்தால் எப்படிக் கரகரக்குமோ அப்படியே. நளினியின் கால்கள் தாமாகவே கதவைப் பார்த்து இரண்டு அடி வைத்தன. மேஜை மேல் போன் கிடந்தது. அதில் தட்டும் சோறும் அஞ்சு பெண்களின் பல்லும். அனுப்பி எட்டு நிமிஷம்.

நின்றாள்.

கதவை விட்டு விலகி ஓடவும் இல்லை. டோக்கன் மேஜைக்குப் பின்னாலிருந்த இரும்பு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து, வாசலுக்கு நேரே, இரண்டடி தள்ளிப் போட்டாள். உட்கார்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள். கேளுங்கள். விடியும்வரை கேளுங்கள்.

குரல்கள் நின்றன.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியாக ஒரு விரல் உள்ளே வந்தது.

தோல் இல்லை. ரத்தமும் இல்லை. புகைபோல் சாம்பல் நிறம், அதற்குள்ளே வெள்ளையாக எலும்பு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கிழவிரல், தடித்த விரல், பால்குடிக் குழந்தையின் விரல். கதவின் அகலம் முழுக்க விரல்கள். ஒவ்வொன்றும் கணுவுக்குக் கணு ஒடிந்து, மடங்கக் கூடாத பக்கமெல்லாம் மடங்கியது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சிமெண்ட் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தன. முன்னால் வந்தன. இடப்பக்கம் தேடின. வலப்பக்கம் தேடின.

நளினி மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். மெல்ல. மெல்ல.

கூட்டத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. ஒல்லியான, இளம்பெண்ணின் கை. அவளுடைய பெருவிரலுக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நின்றது. பாதத்தின் சூட்டை உணர்ந்ததுபோல் அதன் அஞ்சு விரல்களும் மெதுவாகப் பின்பக்கமாக விரிந்தன. மற்றவை எல்லாம் தட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பின.

இழுத்தால் அதுவும் ஒரு பதில். அவள் காலைப் பின்னால் இழுக்கவில்லை.