பத்து மீட்டருக்குள்

ஹெட்போன் ‘கனெக்டட்’ என்று இரண்டு தடவை சொன்னது.

ஒரு போனோடு இணைந்தால் ஒரு தடவை சொன்னால் போதும். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே அறிவிப்பு செய்கிற பெண் குரல் அது. முதல் தடவை சொன்னபோது, ஹெட்போனை மாட்டியிருந்தவளின் போனில் பச்சைப் புள்ளி வந்தது. இரண்டாவது தடவை சொன்னபோது எதுவும் வரவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தாள்.

ஹெட்போனை அலுவலகம்தான் கூரியரில் அனுப்பியிருந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தபடி கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. பதிவுகள் போனில் வரும், ஹெட்போனில் கேட்டு மடிக்கணினியில் அடிக்க வேண்டும். இதே ஹெட்போனை இவளுக்கு முன்னால் வேறொரு பெண் வைத்திருந்தாள் போலிருக்கிறது. காதுப் பஞ்சில் குழந்தைகளுக்குப் போடும் பவுடரின் வாசனை இன்னும் மிச்சமிருந்தது. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு: ‘முதலில் பொத்தானை ஏழு நொடி அழுத்திப் பிடிக்கவும். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னினால் பழைய இணைப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள்.’ அவள் மூன்று நொடிதான் பிடித்தாள். விளக்கு எரிந்தது, உள்ளே இருந்து மகள் தண்ணீர் கேட்டாள், அத்தோடு விட்டுவிட்டாள்.

மகளுக்கு ஆறு வயது. செல்லப் பெயர் கட்டெறும்பு. கடித்தால் விடமாட்டாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகாமல் உள்ளறையில் படுத்திருந்தாள். தண்ணீர் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்துதான் அவள் வேலையில் உட்கார்ந்தாள். மாலை ஐந்து மணிகூட ஆகவில்லை. ஆனால் மத்தியானத்திலிருந்து கொட்டிய மழையில் வீடு இருட்டிக் கிடந்தது, ஜன்னலுக்கு வெளியே தகரத்தின் மேல் தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டது, ஈரச் சுவரின் வாடை கூடம் முழுக்க இருந்தது.

இந்த வேலையில் அவளுக்கு ஒன்பது வருடம். காதில் விழுவதை விரல் தானாக அடித்துவிடும், நடுவில் அவள் தேவைப்படுவதே இல்லை. சேதத்தை மதிப்பிடப் போன சர்வேயர் யாரோ எதையோ பேசிக்கொண்டிருக்க, அவள் ராத்திரிச் சமையலை யோசித்துக்கொண்டிருப்பாள். முடிந்த பிறகு படித்துப் பார்த்தால்தான் என்ன அடித்தோம் என்று அவளுக்கே தெரியும். வேலையின் விதிகள் மூன்று. பேசுகிற ஒவ்வொருவருக்கும் குரல் 1, குரல் 2 என்று எண் போட வேண்டும். மற்ற சத்தங்களைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். காதில் விழுந்த எதையும் விட்டுவிடக் கூடாது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்: “வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் எங்க வீட்டம்மா அந்த வரிய முடிச்சிட்டுத்தான் எழுந்திரிப்பா.”

அன்றைய பதிவு எளிது. தண்ணீர்க் குழாய் உடைந்து நனைந்துபோன கிடங்கு ஒன்றைப் பற்றி ஒரு சர்வேயர் தனியாகப் பேசிப் பதிவு செய்த அறிக்கை. முக்கால் மணி நேரத்தில் முடித்து, படித்துப் பார்க்கப் பொறுமையில்லாமல் அப்படியே அனுப்பிவிட்டாள். பத்து நிமிடத்தில் அலுவலகத்துச் சூப்பர்வைசர் பெண் கூப்பிட்டாள்.

“அக்கா, கிடங்கு ஃபைல்ல குரல் 2ன்னு போட்டிருக்கீங்களே, யாரு அது?”

“அதுல சர்வேயர் ஒருத்தர்தானே பேசுறாரு.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டு தடவை கேட்டுட்டேன், அவர் ஒருத்தர்தான். தூங்கி வழிஞ்சிக்கிட்டே அடிச்சீங்களா?”

அவள் சிரித்தபடி ஃபைலைத் திறந்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது.

குரல் 1: இடதுபுறச் சுவரில் நீர் ஏறிய உயரம் நான்கு அடி.

குரல் 2: வாசக் கதவு தாழ் போடல.

குரல் 1: மேற்கூரையில் சேதம் எதுவும் இல்லை.

குரல் 2: பிள்ளைக்குக் காய்ச்சல். போர்வைய உதறிட்டா.

குரல் 2: அவ திரும்பிப் பாக்க மாட்டா. அடிச்சிக்கிட்டேதான் இருப்பா.

அவள் மறுபடி படித்தாள். இந்த வரிகளை அடித்த ஞாபகம் இல்லை. அப்படி ஒரு குரலைக் கேட்ட ஞாபகமும் இல்லை. ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல், எண் போட்டு, முற்றுப்புள்ளி வைத்து, அவள் அடிக்கிற மாதிரியே அடித்திருந்தது.

“அக்கா, இருக்கீங்களா? ஹெட்போனை ரீசெட் பண்ணீங்களா? ஏழு செகண்டு முழுசாப் பிடிச்சீங்களா?”

“இல்லம்மா. விட்டுட்டேன்.”

“அப்ப அதான். அது ஒரே நேரத்துல ரெண்டு போனைப் பிடிக்கும். பழைய ஆளோட போன் அதுல அழியாம இருந்திருக்கும், அங்கேருந்து ஏதோ கேட்டிருக்கு.” சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே நிறுத்தினாள். “ஆனா அதுக்குப் பத்து மீட்டருக்குள்ள அந்த போன் இருக்கணுமே.”

“பழைய ஆள் எங்க இருக்காங்க?”

“தெரியலக்கா. திடீர்னு வேலைக்கு வரல. போனும் எடுக்கல. ஹெட்போன் மட்டும் பார்சல்ல வந்துச்சு. அவங்க கடைசியா அனுப்பின ஃபைல்லயும் இப்படித்தான். குரல் 2, குரல் 3ன்னு ஒரு பக்கம் முழுக்க. குரல் 3 ஏதோ சின்னப் பிள்ளை மாதிரி. திட்டி மெயில் போட்டோம். பதிலே இல்ல.”

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வாசலுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை. மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டாள். உள்ளறையில் போர்வை தரையில் கிடந்தது. கட்டெறும்பு மல்லாந்து படுத்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, காய்ந்த உதட்டால் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி ரெண்டு.”

“என்னடி கண்ணு பண்றே?”

“எண்ணுறேன். நீதானே சொன்னே? கண்ணைத் திறக்காம நூறு எண்ணினா காய்ச்சல் போயிடும், அந்தப் பாப்பாகூட விளையாடக் கூட்டிட்டுப் போறேன்னு.”

“எந்தப் பாப்பா?”

“எனக்கு முன்னாடி எண்ணி முடிச்ச பாப்பா.”

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து இந்த அறைப் பக்கமே வரவில்லை. எண்ணாதே, கண்ணைத் திற என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கட்டெறும்பு இமைகளை இன்னும் இறுக்கினாள்.

“நடுவுல நிறுத்தினா அழுகுணி ஆட்டம்மா. நாப்பத்தி மூணு.”

கொதிக்கிற உடம்பைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சோபாவில் கிடத்தினாள். இனி ஒரு நிமிடம்கூட மகளைக் கண் பார்வையிலிருந்து விலக விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். புருஷனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். அவள் குரல் நடுங்குவதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான்.

“மழையில பிள்ளையத் தூக்கிட்டு வெளிய எங்கயும் போகாதே. கதவைத் தாழ் போட்டுக்கோ. இருபது நிமிஷத்துல வந்து தட்டுறேன். நான்னு தெரிஞ்சா மட்டும் திற.”

“தாழ் போட்டுட்டேன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் தாழ் போட்டது எப்போது? அந்தக் குரல் பேசியது எப்போது? உள்ளே வந்துவிட்ட ஒன்றை உள்ளேயே வைத்தல்லவா பூட்டியிருக்கிறாள்.

திறந்துகொண்டு ஓடலாமா என்று நினைத்தாள். கை தாழ்வரை போனது. வெளியே மாடிப்படி இருட்டு. அங்கே மட்டும் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கையை எடுத்துக்கொண்டாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரிக் கதவுகளைத் திறந்து துணிகளுக்கு நடுவே கைவிட்டுத் துழாவினாள். வேறு போன் எதுவும் இல்லை. பவுடர் வாசனை மட்டும் இருந்தது. அது ஹெட்போனிலிருந்து வருகிறதா, வீட்டிலிருந்தா என்று சொல்ல முடியவில்லை.

சோபாவில் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது.

பழைய இணைப்பை அழித்துவிட வேண்டும். இப்போதே. அழித்துவிட்டதைச் சொல்லும் குரல் ஹெட்போனுக்குள்தான் கேட்கும் என்பதால் அதைக் காதில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. நான்கு, ஐந்து. ஆறு. ஏழு. பொத்தானுக்குப் பக்கத்தில் அவள் கன்னத்து ஓரமாகச் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவது கணினித் திரையின் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு அந்தச் சிரித்த குரல் சொன்னது.

‘கனெக்டட்.’

ஒரே தடவை. அவள் காத்திருந்தாள். இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஐயோ, போதும், போய்விட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூச்சை விட்டாள். போனை எடுத்துப் பார்த்தாள்.

பச்சைப் புள்ளி இல்லை. ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று போட்டிருந்தது.

அழிந்தது அவளுடைய போன்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிய வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் பிடுங்குவதற்குக் கை வேண்டும். போன் எப்போது கையிலிருந்து நழுவியது என்று தெரியவில்லை. இரண்டு கைகளும் விசைப்பலகையில் இருந்தன. வேலையில் இருந்தன. காதில் ஒன்றும் கேட்கவில்லை, மழைகூட. விரல்கள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

குரல் 3: தொண்ணூத்தி ஆறு.

குரல் 2: அவசரப்படாதே கண்ணு. நிதானமா.

திரும்பிப் பார்க்க முயன்றாள். கழுத்து வரவில்லை. கத்த முயன்றாள். வாய் திறந்தது, அவ்வளவுதான். வரி முடியவில்லை. வரி முடியாமல் அவள் எழுந்ததில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் எழுந்ததில்லை.

குரல் 3: தொண்ணூத்தி எட்டு. தொண்ணூத்தி ஒம்பது.

குரல் 3: நூறு.

குரல் 2: சமத்து. இப்பக் கண்ணைத் திற.

[சிரிப்பு]

குரல் 3: காய்ச்சல் போயிடுச்சும்மா.

குரல் 3: அம்மா, அங்க உக்காந்து டைப் அடிக்கிறது யாரு?

விரல்கள் நின்றன. அடுத்த சத்தத்துக்காக விசைகளின் மேல் மிதந்தன. அவளுடைய முதுகில், சட்டைக்கு மேலே, யாரோ பார்ப்பது சூடாகத் தெரிந்தது. நான்தான்டி. நான்தான் அம்மா. தொண்டைக்குள்ளேயே கிடந்தது அது. அதற்கு எண் இல்லை. விரல்கள் அதை எழுதவில்லை.

குரல் 2: அது யாருமில்ல கண்ணு. வா.

[செருப்புச் சத்தம்]

[கதவு திறக்கும் சத்தம்]

[கதவு மூடும் சத்தம்]

குரல் 3: பாப்பா எங்கம்மா?

குரல் 2: கீழ நிக்கிறா. படி பாத்து இறங்கு.

குரல் 3: ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்

‘டிஸ்கனெக்டட்’ என்றது ஹெட்போன், சிரித்துக்கொண்டே.

கைகள் அவிழ்ந்து மடியில் விழுந்தன. மழைச் சத்தம் திரும்பி வந்தது. அவள் திரும்பினாள். சோபாவில் போர்வை மட்டும் இருந்தது. நடுவில் சின்ன உடம்பு கிடந்த பள்ளம், தொட்டால் சூடு. வாசல் கதவில் மேல் தாழும் கீழ்த் தாழும் அவள் போட்டபடியே இருந்தன. கட்டெறும்பின் செருப்பு இல்லை.

சிறிது நேரத்தில் யாரோ படியேறி ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். புருஷனின் குரல் அவளைக் கூப்பிட்டது, பிறகு மகளைக் கூப்பிட்டது, பிறகு இரண்டு பேரையும் சேர்த்துக் கத்திக் கூப்பிட்டது. அவள் தாழைத் திறக்கவில்லை. கதவோடு கதவாகச் சாய்ந்து, ஹெட்போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை அது பிடித்தால் போதும். இருட்டில் அவள் கன்னத்தில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், பத்து மீட்டருக்குள் யாரையாவது தேடியபடி.