மாமாவின் துவாய்

யாகூப் மாமா படம் காட்ட உட்கார்ந்தால் தோளில் ஒரு துவாய் இருக்கும். வியர்வை துடைப்பதற்கு அல்ல. டீவியை மூடுவதற்கு!

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாத்தளை டவுனில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கும் படக் கசெட்டும் பல்லேபொலவில் இருந்த மாமா வீட்டுக்கு வந்திருந்தன. நாலு மணி பஸ்ஸில் இரண்டையும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்த காலம் அது. இன்றைக்கு விட்டால் இந்தப் படத்தை மறுபடி எப்போது பார்க்கலாம் என்று யாருக்கும் தெரியாது.

பத்து வயது மஸூதா முதல் ஆளாக டீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

படத்தில் ஒரு பையன், ஒரு பெண். ஒரே வகுப்பு. பார்க்கும் இடமெல்லாம் சண்டை. அவன் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு சொல்வாள். தனித்தனியாக வரும்போது இருவரும் சும்மாதான் இருந்தார்கள். சேர்ந்து வந்தால் போதும், மஸூதாவுக்குச் சிரிப்பு தாங்காது.

ஆனால் அவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டால் போச்சு! மாமா டீவிமேல் துவாயைப் போட்டுவிட்டு, முகத்தையும் திருப்பிக்கொண்டு ஐம்பது வரை எண்ணுவார்.

"மாமா, ஒண்ணும் தெரியலயே!"

"சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம். சத்தம் கேக்குதுதானே? அது போதும்."

மூன்றாவது தடவை துவாய் விழுந்தபோது படத்தில் மழை. இருவரும் பஸ்ஸுக்காக நின்றார்கள். அவ்வளவுதான் தெரிந்தது. மாமா ஐம்பது எண்ணித் துவாயை எடுத்தால், அந்த எதிரிகள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்!

"எப்படி ராசியானாங்க?" என்றாள் மஸூதாவின் அக்கா ஸுபைதா.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் செவுத்தையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்!"

மஸூதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முழுப் படத்திலும் அவள் காத்திருந்தது இந்த ஒரு இடத்துக்குத்தான். மாமாவோடு சண்டை போடலாம். ஆனால் பாவம், இவ்வளவு தூரம் டெக்கைச் சுமந்து வந்தவரும் அவர்தானே? அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, நாங்க எல்லாரும் வெளியே போறோம். நீங்க மட்டும் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. நல்லா இருந்தா எங்களைக் கூப்பிடுங்க. இல்லாட்டி வேணாம்."

மாமா தாடியைத் தடவினார். "ம்... அது நியாயம்தான்."

எல்லோரும் மிளகுக் கொடிப் பக்கம் போய் நின்றார்கள். உள்ளே மழைச் சத்தம் கேட்டது. பிறகு, "ஹாஹ்ஹா!" என்று மாமாவின் சிரிப்பு. மறுபடி மழை. மறுபடி "ஹாஹ்ஹா!"

"திருப்பித் திருப்பிப் பாக்குறாரு!" என்றாள் ஸுபைதா.

மூன்றாவது மழைக்கு மஸூதா பொறுக்கவில்லை. "மாமா, கூப்பிட மறந்துட்டீங்களா?"

"ஓடி வாங்க, ஓடி வாங்க!"

இருவருக்கும் ஒரே ஒரு குடை. அவன் அவள் பக்கம் நீட்டுகிறான். அவள் வீம்பாக அவன் பக்கம் தள்ளுகிறாள். குடை நடுவில் தனியாக நிற்க, இரண்டு பேரும் தொப்பலாக நனைகிறார்கள். ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். சிரிப்பு வெடிக்கிறது.

வீடே சிரித்தது. மஸூதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டாள்.

மாமா மணியைப் பார்த்தார். இன்னும் மூன்றுகூட ஆகவில்லை.

"மஸூதா, மத்த ரெண்டு இடத்தையும் தேடிப் போடு மக. நானும்தானே பாக்கல!"