டமாரத்தின் டப்பா

அவளுக்கு டமாரம் என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து வகுப்பில் சிரிப்புக் கேட்கும். அவள் கையில் எடுத்த பொருள் கீழே விழாமல் இருந்ததும் கிடையாது.

டமாரம் உட்காரும் கடைசி பெஞ்சில் ஓர் இடம் பல வாரங்களாகக் காலி. அது நெட்டையின் இடம். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். சில மாதங்களாக அவளுக்கு ஒரு பயம். எல்லோரும் தன்னைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கால் நகராது. டாக்டரிடம் காட்டி, வீட்டிலிருந்து கொஞ்சம் தேறி, ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தாள்.

வகுப்பு என்ன செய்தது தெரியுமா? கதவு நிறையக் காகிதப் பூ ஒட்டி, அவள் தலை தெரிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது. இந்த யோசனை, வகுப்பு மிஸ்ஸுடையது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது டமாரம்தான்.

நெட்டை வாசலிலேயே வெலவெலத்துப் போனாள். அடுத்த நொடி ஆளைக் காணோம்.

"தப்பு என்னுது," என்றார் மிஸ், வகுப்பு முழுவதும் கேட்க. "பாத்தா பயப்படற பொண்ணை எல்லாரும் சேர்ந்து பாக்கற மாதிரி பண்ணிட்டேன். நீங்க யாரும் வருத்தப்படாதீங்க."

பெரியவர்கள் இப்படித் தப்பை ஒப்புக்கொண்டு டமாரம் பார்த்ததில்லை. அவளுக்கு மிஸ்ஸை மிகவும் பிடித்துப்போனது.

பள்ளியும் நெட்டையைக் கைவிடவில்லை. நூலகத்துக்குப் பக்கத்தில் கவுன்சலர் மிஸ்ஸின் சின்ன அறை இருந்தது. பயம் குறையும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்றார்கள். பாடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை டமாரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எதுக்குடி அவ்வளவு பயம்? நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?"

"கடிச்சாக்கூடப் பரவாயில்ல. கதவைத் திறந்ததும் எல்லாத் தலையும் சேர்ந்து திரும்புதே, அதுதான்."

"திரும்பக் கூடாதுன்னு சொல்லிடறேன்."

"ஐயோ வேணாம். எல்லாரும் கஷ்டப்பட்டுத் திரும்பாம இருக்கறது அதைவிட மோசம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு நெட்டை மெதுவாகச் சொன்னாள். "இந்த வாரமும் வகுப்புக்குள்ள போகலைன்னா, இந்த வருஷம் வீட்லயே இருக்கட்டும்னு அப்பா சொல்றாரு. எனக்கு வீட்ல இருக்கப் பிடிக்கல."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டமாரம் வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

'தலை எல்லாம் எப்போது திரும்பும்?' என்று யோசித்தாள் டமாரம். 'நான் எதையாவது கீழே போடும்போது.'

மறுநாள் கவுன்சலர் மிஸ்ஸிடமும் நெட்டையிடமும் யோசனையைச் சொன்னாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செஞ்சு பாக்கலாமா?" என்றார் மிஸ். நெட்டை தலையாட்டினாள்.

வகுப்புக் கதவு லேசாகத் திறந்தது. அதே நேரம் கடைசி பெஞ்சில், டணால். டமாரத்தின் சாப்பாட்டு டப்பா உருண்டு, இரண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்து, சுவரில் முட்டி நின்றது. எல்லோரும் குனிந்து டப்பாவைத் தேடினார்கள். நிமிர்ந்தபோது நெட்டை தன் இடத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

திட்டுவதற்காக வாயைத் திறந்த வகுப்பு மிஸ், நெட்டையைப் பார்த்துவிட்டு, "டப்பாவுக்கு அடி படலியே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒடுக்கு விழுந்துடுச்சு மிஸ். பரவாயில்ல."

"நாளைக்கு என் முறை," என்றார் மிஸ் மெல்ல. சொன்னபடியே மறுநாள் உலக வரைபடத்தைச் சுருளோடு கீழே போட்டார்.

கவுன்சலர் மிஸ் அதோடு விடவில்லை. "வருஷம் பூரா டப்பா விழுந்துட்டே இருக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாச் சத்தத்தைக் குறைப்போம். சம்மதமா?" என்று நெட்டையிடம் கேட்டார். நெட்டை சம்மதித்தாள். அதனால் அடுத்த வாரம் பென்சில் பெட்டி விழுந்தது. அப்புறம் அளவுகோல். அப்புறம் ஒரு பென்சில். கடைசியில் ஓர் அழிப்பான். அது விழுந்தது யாருக்குமே கேட்கவில்லை. பாதித் தலைகள் கதவுப்பக்கம் திரும்பின. நெட்டைக்கு நெஞ்சு படபடத்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டமாரம் ஒருநாள் தாமதமாக வந்தாள். தலையில் ஒட்டிய பபிள்கம்மை அண்ணன் கத்தரிக்கோலால் எடுத்திருந்தான். ஒருபக்கம் முடி இருந்தது, ஒருபக்கம் இல்லை. பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி வாசலில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வர அவளுக்குக் கால் எழவில்லை.

டணால்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. கடைசி பெஞ்சில் நெட்டை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"கை தவறிடுச்சு," என்றாள் எல்லோரையும் பார்த்து.

அவளுடைய டப்பா உருண்டு உருண்டு வாசலுக்கே வந்து நின்றது. டமாரம் குனிந்து அதை எடுத்துக்கொண்டு, எல்லோரும் நெட்டையையே பார்த்துக்கொண்டிருக்க, சுவர் ஓரமாகப் போய், உயரமான அவள் முதுகுக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தாள். டப்பாவில் ஒடுக்கு விழுந்திருந்தது.